சொன்னால் கேட்காதவன் ஆடினால் கேட்பான்!

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



ஒரு சின்னக் கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். நம் ஒர்க்‌ஷாப்பில் நுழைந்ததும் கண்ணுக்கு நேரே பெரிய போர்டு ஒன்று தொங்குகிறது. பாதுகாப்பு விதிகள் வரிசையாக எழுதியிருக்கின்றன. அதில் மூன்றாவது விதி என்ன? எட்டிப் பார்க்காமல் சொல்லுங்கள், பார்ப்போம்!

தெரியவில்லை அல்லவா? கவலைப்படாதீர்கள். என் பெஞ்சில் யாருக்கும் தெரியவில்லை. மூன்று வருடமாக அந்தப் போர்டைக் கடந்துதான் போகிறோம், வருகிறோம்.

இப்போது இன்னொரு கேள்வி. பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்தி, உள்ளே திரும்பிக் காலில் பட்டால் எல்.பி.டபிள்யூ. உண்டா, இல்லையா? "கிடையாது!" என்று வரியை முடிப்பதற்குள் பாதிப் பேர் சொல்லியிருப்பீர்கள். போர்டில் உள்ள அத்தனை விதிகளையும் சேர்த்தாலும் இந்த ஒரு விதியின் சிக்கலுக்கு ஈடாகாது. இதை யாரும் நமக்குப் பாடம் நடத்தவில்லை, பரீட்சை வைக்கவில்லை, இம்போசிஷன் எழுத வைக்கவில்லை. ஆனாலும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிறோம்!

காரணம் என்ன? அந்த விதி தெரியாமல் ஆட முடியாது, ஆடினால் தோற்றுப் போவோம். போர்டில் இருப்பது யாரோ நமக்காக எழுதி வைத்தது. ஆட்டத்தில் இருப்பது நாமே கட்டிக் காக்கும் விதி. பிறருக்கு ஒரு விஷயத்தைச் சொல்லிப் புரிய வைக்க, ஒத்துக்கொள்ள வைக்க நினைக்கும் எவரும் இந்த வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து.

தெருக் கிரிக்கெட் சொல்லும் பாடம்

நம் தெருக்களை எண்ணிப் பாருங்கள். எதிர் வீட்டு ஜன்னல் கண்ணாடி உடைகிறது. அந்த வீட்டு அம்மா வெளியே வந்து சத்தம் போடுகிறார். "இனிமே இந்தப் பக்கம் பந்து வந்துச்சு, அறுத்துப் போட்டுருவேன்!" பையன்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்பார்கள். பத்து நிமிடத்தில் பந்து மறுபடியும் அதே ஜன்னலுக்குப் போகும்.

பிறகு பையன்களே கூடி ஒரு விதி போடுவார்கள்: "நேரா காம்பவுண்டுக்குள்ள அடிச்சா அவுட்!" அவ்வளவுதான். தூக்கித் தூக்கி அடித்துக்கொண்டிருந்தவன்கூட தரையோடு தட்டி ஆட ஆரம்பித்துவிடுவான். திட்டினவர் செய்ய முடியாததை ஒரு விதி செய்துவிட்டது. ஜன்னல் மேல் அவனுக்குப் பாசம் வந்துவிடவில்லை. ஆனால் ஜன்னலைக் காப்பாற்றுவதும் தன் விக்கெட்டைக் காப்பாற்றுவதும் ஒன்றாகிவிட்டன.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், போன வருடம் நம் ஒர்க்‌ஷாப்பில் ஒரு முதலாண்டுத் தம்பியின் சட்டைக் கை டிரில்லிங் மெஷினில் சிக்கியது. பக்கத்தில் நின்றவர் சட்டென்று சுவிட்சை அணைத்ததால் சட்டை கிழிந்ததோடு போயிற்று. சட்டைக் கையை மடித்துவிட வேண்டும் என்று அவன் தலைக்கு நேர் மேலேயே எழுதியிருந்தது! எழுதி வைத்தாயிற்று என்பதால் சொல்லியாயிற்று என்று ஆகிவிடுமா?

பரமபதம் முதல் 'பிசினஸ்' வரை

ஆட்டத்தின் வழியே கருத்தைச் சொல்வது மேல்நாட்டுக்காரன் கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். வைகுண்ட ஏகாதசி இரவில் நம் வீடுகளில் பரமபதம் ஆடுவது வழக்கம். நற்குணங்கள் ஏணிகளாகவும் தீய குணங்கள் பாம்புகளாகவும் இருக்கும் படம் அது. இந்தியாவில் பிறந்த இந்த ஆட்டம் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்துக்குப் போயிற்று. அமெரிக்காவில் 1943-ல் மில்டன் பிராட்லி கம்பெனி பாம்புகளை எடுத்துவிட்டு, பார்க்கில் குழந்தைகள் சறுக்கும் சறுக்கு மரங்களை வைத்து வெளியிட்டது.

ஆனால் பரமபதத்தில் ஒன்றைக் கவனித்தீர்களா? தாயக்கட்டை என்ன எண் போடுகிறதோ அதன்படிதான் காய் நகரும். ஏணியில் ஏறுவதும் பாம்பிடம் கடிபடுவதும் நம் கையில் இல்லை. படத்தில் எழுதியிருப்பது "நல்லவனாக இரு" என்று. ஆட்டத்தின் விதி சொல்வதோ "நடப்பது நடக்கும்" என்று! ஆடி முடித்தவன் மனதில் எது தங்கும்? விதி சொன்னதுதான் தங்கும்.

இதற்கு இன்னும் பெரிய சாட்சி ஒன்று உண்டு. நம் வீடுகளில் 'பிசினஸ்' என்றும் 'டிரேட்' என்றும் ஊர்களை வாங்கி விற்று ஆடுகிறோமே, அதன் மூலம் அமெரிக்காவின் 'மோனோபோலி'. அதற்கும் மூலம் எலிசபெத் மேகி என்ற பெண்மணி 1904-ல் காப்புரிமை பெற்ற 'நிலவுடைமையாளர் ஆட்டம்'. அவர் ஹென்றி ஜார்ஜ் என்ற பொருளாதாரச் சிந்தனையாளரைப் பின்பற்றியவர். நிலத்தை ஒரு சிலர் வளைத்துப் போட்டு வாடகை வாங்கினால் மற்றவர்கள் எப்படி ஓட்டாண்டி ஆகிறார்கள் என்பதை ஆடிப் பார்த்து மக்கள் உணர வேண்டும் என்பதே அவர் நோக்கம். அதற்காக இரண்டு விதமான விதிகள் வைத்தார். ஒன்றில் செல்வம் உண்டானால் எல்லாருக்கும் பலன். மற்றொன்றில் ஒருவன் மட்டும் பணக்காரன், மற்றவர்கள் திவால்.

நடந்தது என்ன? இரண்டாவது விதிதான் பரவியது. பலர் கை மாறி, 1935-ல் பார்க்கர் பிரதர்ஸ் கம்பெனி அதை 'மோனோபோலி' என்று விற்றது. மேகியின் காப்புரிமைக்குக் கிடைத்தது 500 டாலர். ஏகபோகத்தைக் கண்டிக்க வந்த ஆட்டம், ஏகபோக முதலாளி ஆவது எவ்வளவு ஜாலி என்று உலகத்துக்கே சொல்லிக் கொடுத்துவிட்டது! உருவாக்கியவர் மனதில் என்ன இருந்தாலும், ஜெயிக்க என்ன செய்ய வேண்டும் என்று விதி சொல்கிறதோ, ஆடுகிறவன் அதைத்தான் கற்றுக்கொள்வான்.

குத்திய முத்திரையும் பியானோப் படியும்

சரி, ஆட்டத்தின் எந்த உறுப்பு நம்மை இழுக்கிறது? இதை ஆராய்ந்தவர்கள் உண்டு. நூனெஸ், டிரேஸ் என்ற இருவர் 2006-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். கார் கழுவும் இடத்தில் 300 பேருக்கு அட்டை கொடுத்தார்கள். ஒவ்வொரு முறை வரும்போதும் ஒரு முத்திரை. அட்டை நிறைந்தால் ஒரு முறை இலவசம். பாதிப் பேர் அட்டையில் 8 கட்டம், எல்லாம் காலி. மீதிப் பேர் அட்டையில் 10 கட்டம், ஆனால் 2 கட்டத்தில் ஏற்கெனவே முத்திரை குத்தியிருந்தது. கணக்குப் பார்த்தால் இருவருக்கும் தேவை 8 முத்திரைதான். காலி அட்டைக்காரர்களில் 19 சதவீதம் பேர் முடித்தார்கள். இரண்டு முத்திரையோடு ஆரம்பித்தவர்களில் 34 சதவீதம் பேர் முடித்தார்கள்! 'ஏற்கெனவே கிளம்பிட்டோம்' என்ற நினைப்பு ஒருவனை எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகிறது பாருங்கள். அரியர் வைத்திருக்கும் நண்பனிடம் "இன்னும் நாலு பேப்பர் இருக்கேடா" என்பதற்கும் "ரெண்டு முடிச்சிட்டே, இன்னும் நாலுதான்" என்பதற்கும் உள்ள வித்தியாசமும் இதுதான்.

இன்னொன்று, 2009-ல் ஸ்வீடன் நாட்டு ஸ்டாக்ஹோம் நகரில் நடந்தது. ஓடென்பிளான் ரயில் நிலையத்தில் எஸ்கலேட்டருக்குப் பக்கத்துப் படிக்கட்டைப் பியானோக் கட்டைகள் போல மாற்றினார்கள். மிதித்தால் இசை வரும். வழக்கத்தைவிட 66 சதவீதம் அதிகம் பேர் படியில் ஏறினார்கள் என்று அதை நடத்திய வோக்ஸ்வாகன் கம்பெனியின் விளம்பரப் படம் சொன்னது. மறு வருடம் அதே நகரில் வேகக் கட்டுப்பாட்டுக் கேமராவை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். வேகமாகப் போனவர்களின் அபராதப் பணத்தில், ஒழுங்காகப் போனவர்களுக்குக் குலுக்கல் பரிசு! சராசரி வேகம் மணிக்கு 32 கிலோமீட்டரிலிருந்து 25-ஆகக் குறைந்தது.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பியானோப் படியில் முதல் நாள் குதிக்கிறவன், நூறாவது நாள் வேலைக்கு லேட்டாகும்போதும் குதிப்பானா? புதுமை தீர்ந்தால் இசையும் தீர்ந்துவிடும். ஆகவே ஜிகினா வேறு, ஆட்டம் வேறு என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பரிசு கொடுத்தால் போதுமா?

"ஒரு போட்டி வை, ஒரு கப்பு கொடு, கூட்டம் தானா வரும்." நம் விழாக் கமிட்டிகளில் அடிக்கடி காதில் விழும் யோசனை இது. கூட்டம் வரும்தான். கருத்து போய்ச் சேருமா?

1973-ல் அமெரிக்காவில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் மழலையர் பள்ளியில் ஒரு சோதனை செய்தார்கள். ஸ்கெட்ச் பேனாவில் படம் வரைவதை ஏற்கெனவே ஆசையோடு செய்துகொண்டிருந்த குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம், "வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொன்னார்கள், வரைந்ததும் கொடுத்தார்கள். சில நாள் கழித்து மறுபடி பேனாக்களை வைத்துவிட்டுக் கவனித்தபோது, அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள். விளையாட்டாக இருந்தது கூலி வேலை ஆகிவிட்டது. கூலி நின்றதும் வேலையும் நின்றது!

மதிப்பெண்ணே குறிக்கோள் ஆகிவிட்டால் இன்னொரு ஆபத்தும் உண்டு. பியானோப் படி போட்ட அதே வோக்ஸ்வாகன் கம்பெனி 2015-ல் மாட்டிக்கொண்ட கதை ஆட்டோமொபைல் நண்பர்களுக்குத் தெரிந்திருக்கும். புகைப் பரிசோதனை நடக்கிறது என்று கண்டுகொண்டால் மட்டும் டீசல் இன்ஜின் ஒழுங்காக ஓடும்படி சாஃப்ட்வேர் எழுதி வைத்திருந்தார்கள். ரோட்டில் இறங்கினால் பழைய குருடி கதவைத் திறடி! உலகம் முழுவதும் சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்களில் அந்த சாஃப்ட்வேர் இருந்தது. நமக்கு இது ஒன்றும் புரியாத விஷயமில்லை. ரெக்கார்டு நோட்டை முதல் நாள் ராத்திரி காப்பி அடித்து 'சைன்' வாங்குகிறவனும் அந்த இன்ஜின்தான். மார்க் கிடைக்கிறது, பாடம் கிடைக்கவில்லை.

நாம் ஏறிய ஏணி

"அப்படியானால் பரிசே இல்லாமல் ஆட்டம் நடக்குமா?" என்று கேட்பீர்கள். நம்மில் பலர் சின்ன வயதில் ஆடியதே அதற்குப் பதில்! அரசுத் தொடக்கப் பள்ளியில் படித்தவர்களுக்குச் சுவரில் ஒட்டியிருந்த ஏணிப் படம் ஞாபகம் இருக்கும். அதுதான் செயல்வழிக் கற்றல். ஆந்திரத்தின் ரிஷி வேலி பள்ளி முறையைப் பார்த்து, சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் 2003-ல் தொடங்கி, 2007-ல் தமிழ்நாடு முழுவதும் பரப்பினார்கள். ஏணியில் நாம் நிற்கும் படியைப் பார்த்து, அதற்குரிய அட்டையை நாமே தட்டிலிருந்து எடுத்து, செய்து முடித்து, அடுத்த படிக்குப் போவோம். செய்த படங்களைக் கம்பியில் தொங்கவிடுவோம். பக்கத்தில் உட்கார்ந்தவன் வேறு படியில் இருப்பான். அதனால் முதல் ரேங்க், கடைசி ரேங்க் என்ற பேச்சுக்கே இடமில்லை.

அந்த முறையில் குறைகளே இல்லை என்று வாதாட வரவில்லை. பல வகுப்புக் குழந்தைகளை ஒரே ஆசிரியர் மேய்க்கும் பள்ளிகளில் அட்டையே ஆசிரியர் ஆகிவிட்ட கதையும் உண்டு. ஆனாலும் அதில் மூன்று நல்ல விஷயங்கள் இருந்தன. நான் எங்கே நிற்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. அடுத்த படி எட்டும் தூரத்தில் இருந்தது. தப்புச் செய்தால் மறுபடி செய்யலாம், யாரும் அடிக்கவில்லை. ஆட்டத்தின் உயிர் இந்த மூன்றில்தான் இருக்கிறது. கப்பும் மெடலும் இதற்கு மேல் போடுகிற ஜிகினா.

ஏணி உள்ள படத்தில் பாம்பும் உண்டு

ஒரு பக்கத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நான் நேர்மையானவன் ஆக மாட்டேன். ஆட்டத்தின் இழுப்பு சக்தி நல்லவன் கெட்டவன் பார்க்காது. எப்போது பரிசு விழும் என்று தெரியாமல் இருக்கும்போதுதான் மனம் அதிகமாக ஒட்டிக்கொள்ளும் என்பது ஸ்கின்னர் என்ற உளவியலாளர் எலிகளையும் புறாக்களையும் வைத்துக் கண்ட உண்மை. லாட்டரிச் சீட்டு ஓடியது இந்த உண்மையின் மேல்தான். 2003-ல் தமிழ்நாட்டில் லாட்டரிக்குத் தடை வந்தது. அதே பாம்பு செல்போனுக்குள் சட்டை உரித்துக்கொண்டு வந்தது ஆன்லைன் சூதாட்டமாக. அதற்கும் 2023-ல் நம் மாநிலத்தில் சட்டம் வந்தது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை நாடு முழுவதும் தடுக்கும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. இதற்குள் எத்தனை குடும்பங்கள் தெருவுக்கு வந்தன என்பதை நம் ஊர்களில் பார்த்தோம்.

ஆகவே யாராவது உங்களை ஓர் ஆட்டத்துக்கு அழைத்தால், அது ஆப்பாக இருந்தாலும் ஆஃபராக இருந்தாலும், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த விதியை எனக்கு முழுசாகக் காட்டுவாயா?" காட்டினால் ஆடலாம். மறைத்தால் எழுந்து வந்துவிடலாம். நாம் பிறருக்கு ஆட்டம் அமைத்தாலும் இதே நியாயம்தான்.

எல்லாச் செய்தியையும் ஆட்டம் ஆக்கவும் கூடாது. தீப்பிடித்தால் "தீ!" என்று கத்த வேண்டும், விடுகதை போட்டுக்கொண்டு நிற்கக் கூடாது.

நம் சங்கத்துக்கு மூன்று யோசனைகள்

எழுதிவிட்டுப் போவது சுலபம். செய்து காட்ட வேண்டாமா? பொறுப்பேற்கப் போகும் புதிய நிர்வாகிகளுக்கு மூன்று யோசனைகள்.

ஒன்று, ஒர்க்‌ஷாப் பாதுகாப்பு. புதுப் போர்டு எழுதப் பணம் செலவழிக்க வேண்டாம். முதலாண்டுத் தம்பி தங்கைகள் வரும் முதல் வாரத்தில், இன்ஸ்ட்ரக்டர் சார் முன்னிலையில், மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, ஐந்து தப்புகளை வேண்டுமென்றே வைப்போம். லேத் சக்கில் சாவியை எடுக்காமல் விடுவோம். பெஞ்ச் கிரைண்டரில் டூல் ரெஸ்ட்டைச் சக்கரத்திலிருந்து தள்ளி வைப்போம். பிடி இல்லாத அரம் ஒன்று. தரையில் சிந்திய கூலன்ட். கழற்றி வைத்த பெல்ட் கார்டு. பேட்ச் பேட்சாகத் தேடட்டும். எதையும் தொடக் கூடாது, விரலால் காட்டினால் போதும். கண்டுபிடித்தால் ஒரு மார்க், "இது இருந்தா என்ன ஆகும்?" என்று விளக்கினால் இரண்டு மார்க். சக்கில் மறந்த சாவி, மெஷினைப் போட்டதும் தோட்டா மாதிரி பறக்கும் என்று அவன் வாயாலேயே சொல்லட்டும்! ஜெயித்த பேட்ச்சுக்குக் கப்பு வேண்டாம். அடுத்த பேட்ச்சுக்குத் தப்புகளை யோசித்து வைக்கும் உரிமையே பரிசு. தப்பை ஒளித்து வைக்கத் தெரிந்தவன் கண்ணுக்கு நிஜமான தப்பு ஒளிய முடியாது.

இரண்டு, செமினார். நாற்பது ஸ்லைடு போட்டு, அதையே வாசித்து, கேட்கிறவர்களைத் தூங்க வைக்கிறோம். அதற்குப் பதில் ஆளுக்கு ஒரு சாக்பீஸ் கொடுங்கள். "இதை ரெண்டு கையால முறுக்கினா எப்படி உடையும்? நேர் வெட்டாகவா, சாய்வாகவா? கை தூக்குங்க!" ஊகம் சொன்ன பிறகு முறுக்கட்டும். ஏறக்குறைய 45 டிகிரியில் திருகு போல உடையும். உடனே மைல்ட் ஸ்டீல் ஷாஃப்ட் முறுக்கில் நேர் வெட்டாக உடைந்த மாதிரியைக் காட்டுங்கள். "ஏன் சார் இது மட்டும் அப்படி?" என்ற கேள்வி அவர்களிடமிருந்தே வரும். அந்தக் கேள்வி பிறந்த பிறகு, உடையும் பொருள் இழுவிசையில் தோற்கிறது, நெளியும் பொருள் சறுக்கு விசையில் தோற்கிறது என்று ஒரு வரி சொன்னால் போதும். ஊகம் தப்பினவன் அதை ஆயுசுக்கும் மறக்க மாட்டான்.

மூன்று, ரத்ததான முகாம். இதில் எச்சரிக்கை தேவை. எந்த வகுப்பு அதிக யூனிட் கொடுத்தது என்று போட்டி வைக்கவே கூடாது. ஜெயிக்கும் வெறியில் காய்ச்சலை மறைத்துக்கொண்டு படுப்பவன் வருவான். வாங்குகிற நோயாளிக்கு அது ஆபத்து. 18 வயது ஆகாத தம்பிகளும் கொடுக்க முடியாது. ஆட்டத்தைக் கொடுப்பதில் வைக்காமல் தெரிந்துகொள்வதில் வைப்போம். வகுப்புக்கு ஒரு சார்ட், அதில் எட்டு ரத்த வகைக்கு எட்டுக் கட்டம். விருப்பம் உள்ளவர்கள் தங்கள் கட்டத்தில் ஒரு புள்ளி வைக்கட்டும். 'ஓ பாசிட்டிவ்' கட்டம் நிரம்பி வழியும். 'ஏபி நெகட்டிவ்' கட்டம் காலியாகவே கிடக்கும். அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்து நிற்கிற நேரத்தில் அவன் மனதில் எழுகிற எண்ணத்தை எந்தப் பேச்சாளரும் எழுப்ப முடியாது.

"படிக்கிற இடத்துல என்னடா விளையாட்டு?" என்று பெரியவர்கள் சிலர் கேட்கலாம். கேட்டால், அவர்களையும் அந்த ஐந்து தப்பைத் தேட அழைத்து வாருங்கள்!

ஜூன் மாதம் புது முதலாண்டு வரும். அதற்குள் சங்கம் கூடி, இன்ஸ்ட்ரக்டர் சாரிடம் அனுமதி வாங்கி, அந்த ஐந்து தப்புகளின் பட்டியலைத் தயார் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆறாவதாக ஒரு தப்பு யோசித்து வைத்திருப்பவர்கள் என்னை மெஷின் ஷாப்பில் வந்து பார்க்கலாம்.

சிந்திப்போம்! செயல்படுவோம்!